சதுர அடிக்கு அறுபது

கண்ணபிரானை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களைக் கை நீட்டிக் காட்டி, "இதுக்கெல்லாம் காசு வாங்குதீங்களாமே?" என்று கேட்டார். நான் ஏதோ ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விற்கிறவள் மாதிரி.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். அலமாரி எங்கே வரவேண்டும், சமையல் மேடை எந்த உயரம், விளக்கு எங்கே, சுவருக்கு என்ன நிறம் என்று ஒரு வீட்டின் உள்பக்கம் முழுவதையும் வரைந்து கொடுத்து, தச்சர் அதை அப்படியே செய்கிறாரா என்று கூட நின்று பார்ப்பது என் தொழில். போர்டில் 'மாரிச்செல்வி, இன்டீரியர் டிசைனர்' என்று போட்டிருக்கிறேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இதே வேலை. கல்யாணம் ஆகிக் கோவில்பட்டிக்கு வந்தபின் சொந்தமாகத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் பலகைக்குக் காசு கொடுப்பார்கள், ஆணிக்குக் கொடுப்பார்கள், தச்சருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார்கள். வரைந்தவளுக்குக் காசு என்றால் மட்டும் முகம் கோணிப் போகும்.

கண்ணபிரானுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இரண்டு இருக்கிறது. இங்கே தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அது போக லாரி ஒன்று. இப்போது ஊருக்கு வெளியே இரண்டாயிரத்து இருநூறு சதுர அடியில் புதுவீடு கட்டி, உள்வேலைக்கு என்னைத் தேடி வந்திருந்தார். கூட அவர் மனைவி பிரேமா. அந்த அம்மாள் உட்கார்ந்ததிலிருந்து என் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், விலை மதிப்பிடுகிறவர் போல.

காசு வாங்க மூன்று வழி இருக்கிறது என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்து என்று வாங்கலாம். அப்படி வாங்கினால், செலவை இழுத்துவிட்டால் இவளுக்குத்தானே லாபம் என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். மணிக்கணக்கு வைத்து வாங்கலாம். அப்போது நான் சுவரைப் பார்க்கிறேனா கடிகாரத்தைப் பார்க்கிறேனா என்று நீங்கள் காவல் காப்பீர்கள். அதனால் நான் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். அடிக்கு அறுபது ரூபாய். உங்கள் வீட்டுக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம், மூன்று தவணை. நீங்கள் தேக்கு போட்டாலும் சரி, தகரம் போட்டாலும் சரி, என் காசு அதேதான்.

அவர் கேட்டு முடித்துவிட்டு வெற்றிலையை ஒதுக்கினார். "எங்கய்யா ஆட்டுக்கிடை போட்டவரு. ஒருத்தன் புஞ்சையில உரத்துக்கு ராத்திரி ஆட்டை அடைச்சா, விடிஞ்சு வந்து புழுக்கையைக் கண்ணால பாத்துட்டுத்தான் அவன் காசை எடுப்பான். நீங்க போட்ட கோட்டுல நான் என்னத்தப் பாக்க?"

பிரேமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, அறுபதுன்னே இருக்கட்டும்," என்றார் கண்ணபிரான். "கடைக்காரன் உங்களுக்குத் தாரது எம்புட்டு?"

இதைத்தான் கேட்பார் என்று தெரியும். எல்லோரும் கேட்பார்கள். இந்த ஊரில் பிளைவுட் கடை, டைல்ஸ் கடை, பெயின்ட் கடை எதுவானாலும், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் கடையில் கமிஷன் உண்டு. பிளைவுட் என்றால் நூற்றுக்கு எட்டு. தச்சர் வாங்குவார், கொத்தனார் வாங்குவார், இன்ஜினியர் வாங்குவார். கடைக்காரர் அதைத் தன் கையிலிருந்தா கொடுக்கிறார்? பில்லில் ஏற்றித்தான் கொடுக்கிறார். வீட்டுக்காரர் வீடு கட்டுகிற சந்தோஷத்தில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டு, கடைக்காரர் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு வருவார். எனக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். என் ஆபீஸில் அந்தப் பேச்சே கூடாது என்று தொடங்கிய நாளிலேயே சொல்லியிருந்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன், ஒரு ரூபாய் வாங்க மாட்டேன் என்று.

"எல்லாப் பயலும் அப்படித்தாம்மா சொல்லுதான்," என்றார் அவர். "கமிஷன் எப்படியும் அடிக்கு முப்பது வந்துரும். அதைக் கழிச்சு முப்பதுன்னு போட்டுக்கிடுங்க. எனக்கும் வருத்தமில்ல, உங்களுக்கும் நட்டமில்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணாச்சி, எழுதியே தாரேன். எந்தக் கடையிலயாவது ஒரு ரூபா கமிஷன் எடுத்திருந்தா, நீங்க குடுத்த அம்புட்டுக் காசையும் திருப்பித் தந்துருதேன். போதுமா?"

"பத்திரத்துல எழுதுவீங்களா?"

"எழுதுதேன்."

பக்கத்து மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சோலைராஜ் தலையைத் தூக்கினார். முன்பு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லை மூடியபின் எனக்கு அளவெடுப்பது, கடைக்குப் போய்ச் சாமான் பார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவர்தான். "அதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு, வாயால சொன்னாப் போதாதா?" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், நாலு பேர் முன்னால் பின்வாங்குவார் என்று நினைத்து எரிச்சலோடு முறைத்தேன். நூறு ரூபாய்ப் பத்திரம் வாங்கி வரச் சொன்னேன். அவரே போய் வாங்கி வந்தார்.

வேலை தொடங்கிய நாளிலிருந்து கண்ணபிரானுக்கும் எனக்கும் சண்டைதான். அவர் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். நான் வரைந்ததைச் சரிபார்க்க அல்ல, என் சதுர அடியைக் குறைக்க. தூண் நிற்கிற இடத்தைக் கழி என்றார். மாடிப்படிக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தைக் கழி என்றார். கடைசியில் சாமி ரூமுக்கு வந்து, "சாமிக்குமா காசு கேப்பீங்க?" என்றார்.

"சாமி ரூமுக்குக் கதவு வேண்டாமா, தட்டு வேண்டாமா? வேண்டாம்னா நாப்பது அடியைக் கழிச்சுருதேன், சாமியை வெறும் தரையில வச்சுக்கும்பிடுங்க," என்றேன். பிரேமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணபிரான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வேலை அந்த மூன்று நாளும் நன்றாக நடந்தது.

கடற்கரை என்கிற தச்சருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. வீடு கட்டுகிறவர்களைக் கடைக்கு நானே நேராக அனுப்பிவிடுவதால் அவருக்கு வரவேண்டிய கமிஷனில் மண் விழுந்திருந்தது. அந்த எரிச்சலை என் வரைபடத்தில் காட்டுவார். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் நிற்கிற சுவர் சும்மா இருக்காது. அதனால் சுவரோடு சுவராக அலமாரியை நெருக்கி அடிக்காமல் அரை இஞ்ச் இடம் விட்டு, அந்த இடைவெளியை ஒரு மரப்பட்டியால் மூடச் சொல்லுவேன். சென்னையில் கற்றது இல்லை இது, இங்கே முதல் வீட்டில் கதவு இறுகித் திறக்க முடியாமல் போனபோது பட்டுக் கற்றது. "மொதலாளி, மேடம் காத்துக்கும் காசு போடுதாவ," என்று கடற்கரை போட்டுக் கொடுப்பார். உடனே டேப் வெளியே வரும். நாலு அறை, எட்டு அலமாரி, பக்கத்துக்கு அரை இஞ்ச் என்று கண்ணபிரான் கூட்டிப் பார்த்து எட்டு இஞ்ச் வீணாகிறது என்பார். ஐப்பசி மழை வந்து போனபின் பக்கத்துப் புதுவீட்டில் அலமாரிக் கதவைக் கடப்பாரை வைத்து நெம்பியதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

இரண்டு தவணை கொடுத்துவிட்டார், எண்பத்தெட்டாயிரம். மூன்றாவது தவணை நாற்பத்துநாலாயிரம் வேலை முடிந்ததும். வேலை முடிகிற வாரத்தில் எட்டுப் பலகை மிஞ்சியது.

மிஞ்சிய பலகையைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குவது எப்போதும் என் வீட்டுக்காரர் வேலை. அந்தச் சமயம் அவர் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு விளாத்திகுளம் பக்கம் போயிருந்தார். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று சொன்னேன். கண்ணபிரானுக்குப் பலகை வீட்டில் கிடந்தால் காசு கிடக்கிற மாதிரி. இரண்டாம் நாள் காலையிலேயே லோடு ஆட்டோவில் ஏற்றி, கடற்கரையைக் கூட்டிக்கொண்டு தானே கடைக்குப் போய்விட்டார்.

பகல் பதினொரு மணி இருக்கும். இரண்டு பேரும் என் ஆபீஸ் படியேறி வந்தார்கள். கண்ணபிரான் ஒரு பில்லை என் மேசையில் வைத்தார். பலகை எட்டு, இருபதாயிரத்து எண்ணூறு. அதற்குக் கீழே, 'கமிஷன் கழிவு' என்று எழுதி ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தைக் கழித்திருந்தார்கள்.

"ஏன் குறைக்கன்னு கேட்டேன்," என்றார். "பலகை வித்தப்பவே கமிஷன் குடுத்தாச்சாம். பலகை திரும்பி வந்தா அதைக் கழிச்சுக்கிட்டுத்தான் தருவாவளாம்."

"வேற யார் கணக்கோ மாறியிருக்கும்," என்றேன்.

"மாறலை மேடம்," என்றார் கடற்கரை. "நானும் கேட்டேன். உங்க பேரைத்தான் சொன்னாவ." அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு எதையாவது எடுத்து எறியலாம் போல இருந்தது.

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் கீழே இறங்கி ஸ்கூட்டரை எடுத்தேன். பிளைவுட் கடை இரண்டு தெரு தள்ளித்தான். என் பின்னாலேயே கண்ணபிரானின் கார் வந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலாளி பத்திரகாளி அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். எல்லார் முன்னாலும் கத்தினேன். என் பேரைக் கெடுக்கிறீர்கள், நான் எப்போது உங்களிடம் கமிஷன் வாங்கினேன், பொய்க் கணக்கு எழுதித்தான் கடை நடத்துகிறீர்களா, போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

பத்திரகாளி பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்க வாங்க மாட்டீங்க. வேண்டாம்னு ஆரம்பத்துலயே சொன்னீங்க. உங்க வீட்டு ஆளுதான் மாசாமாசம் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறாவ. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னுலா நான் நெனச்சேன்?"

நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். சோலைராஜின் கையெழுத்து. மூன்று வருஷம். பதினோரு வீடு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசிய பதினோரு வீட்டுக்காரர்களின் பெயரும் வரிசையாக இருந்தது. கடைசியில் கண்ணபிரான், ஐம்பத்தோராயிரத்து இருநூறு.

கண்ணபிரானும் எட்டிப் பார்த்தார். அவர் கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு வீட்டுல போய்ப் படிங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அந்த வழியில் நடந்து வந்து ஸ்கூட்டரை எடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் சோலைராஜ் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் கேட்டேன். "எத்தனை நாளா?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "மொத வீட்டுலருந்து," என்றார்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்லா? ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? பத்திரம் எழுதையில கூட வாயைத் தொறக்கலையே. நீங்களே போயி வாங்கிட்டு வந்தீங்களே, மனுசனா நீங்க?"

"வேண்டாம்னுதான் சொன்னேன் அன்னைக்கு. நீ முறைச்ச."

"முறைச்சா? முறைச்சா சொல்ல மாட்டீங்களா?"

அவர் பையை மேசைமேல் வைத்தார். "மொத வீட்டு வேலை முடிஞ்சப்ப பிளைவுட் கடை அண்ணாச்சி கவர்ல போட்டுக் குடுத்தாவ. வாங்கையில கை கூசத்தான் செஞ்சுது. ஆபீஸ் வாடகை மூணு மாசம் நின்னுச்சு. வீட்டு வாடகை ரெண்டு மாசம். உன் கம்ப்யூட்டர் லோன் ஒரு தவணை தவறிப்போச்சு. அதைக் கட்டுனேன். அடுத்த மாசம் மறுபடியும் நின்னுச்சு."

"என்கிட்ட சொல்லவேண்டியதுதான?"

"நீ கேட்டியா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. "மூணு வருசத்துல ஒரு நாளாவது, ஏங்க வாடகை எப்படிக் குடுத்தீங்கன்னு கேட்டியா? அறுபது, அறுபதுங்க. அந்த அறுபதை யாரைக் கேட்டுடி வச்ச? ஏத்துவோம்னு ரெண்டு தடவை சொன்னேன். ஏத்த மாட்ட. ஏன்னா, குறைச்சு வாங்குது, கமிஷனும் தொடாது, தங்கமான பிள்ளைன்னு ஊர்ல சொல்லுதாவ. அந்தப் பேரு உனக்கு வேணும். அதுக்கு ஆன செலவைத்தான் நான் வாங்கிட்டு வந்தேன்."

அவரை அடிக்கலாம் போல வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அறுபதை யாரைக் கேட்டு வைத்தேன்? யாரையும் கேட்கவில்லை. சென்னைக் கம்பெனியில் அடிக்கு நூற்றி இருபது வாங்கினார்கள். நம் ஊர் தாங்காது என்று பாதியாக்கினேன். அவ்வளவுதான் என் கணக்கு. வாடகை, லோன், பெட்ரோல், வருஷத்தில் வேலை வராத நாலு மாசம், எதையும் எழுதிக் கூட்டிப் பார்த்ததில்லை. சமையல் மேடையை அரை இஞ்ச் பிசகாமல் அளக்கிறவள், என் கூலியைக் கண்மதிப்பில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு உட்கார்ந்து எழுதிக் கூட்டினேன். அடிக்குத் தொண்ணூற்றைந்து வந்தது. மூன்று முறை கூட்டினேன், குறையவில்லை. அறுபதுக்கு மேல் உள்ளதில் பெரும்பங்கை வீட்டுக்காரர்கள் பிளைவுட் பில்லில் கட்டியிருக்கிறார்கள், நான் அவர்களிடம் நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது.

அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை. இன்றும் மன்னிக்கவில்லை.

மறுநாள் என் செயினையும் இரண்டு வளையலையும் பாங்கில் அடகு வைத்தேன். எண்பத்தெட்டாயிரத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கண்ணபிரானின் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். உள்ளே பெண்கள் பண்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்து நெடி மூக்கில் ஏறியது. அவர் வரச்சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நான் கவரை அவர் மேசையில் வைத்தேன்.

"எழுதிக் குடுத்தபடி நீங்க குடுத்த காசு. மிச்சத் தவணையும் வேண்டாம். என் வீட்டுக்காரர் எடுத்தது எனக்குத் தெரியாது. அதை நம்பணும்னு நான் கேக்கலை."

உண்மையைச் சொன்னால், வருகிற வழியெல்லாம் இந்தக் காட்சியை மனதுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவர் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி எண்ணுவார், நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிடுவேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் என்று ஊர் பேசும். அது ஒன்றாவது எனக்கு மிஞ்சட்டும் என்று இருந்தது.

அவர் கவரை எடுத்து, திறக்காமல், என் பக்கமே தள்ளினார்.

"வரஞ்சீங்க. நின்னு வேலை வாங்குனீங்க. வீடு நல்லாருக்கு. மழைக்கு ஒரு கதவு இறுகலை. அதுக்குக் குடுத்தது குடுத்ததுதான். கூலியைத் திருப்பி வாங்கித் திங்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

நான் கவரைத் திரும்பவும் அவர் பக்கம் தள்ளினேன்.

"கமிஷன் ஐம்பத்தோராயிரத்து இருநூறு, அது என் பணம். அது எனக்கு வரணும். உங்களுக்கு நான் தரவேண்டியது நாப்பத்துநாலாயிரம். கழிச்சுக்கிட்டு ஏழாயிரத்து இருநூறை வச்சுட்டுப் போங்க."

"பத்திரத்துல அப்படி எழுதலை, அண்ணாச்சி. எல்லாத்தையும் தாரேன்னுதான் எழுதியிருக்கு."

"பத்திரம் நீங்க கோவத்துல எழுதுனது," என்றார். "நான் கணக்குல பேசுதேன்."

எண்ணி வைத்தேன். அவர் பணத்தை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "இன்னொண்ணும் சொல்லிருதேன், பெறகு வேற ஆள் சொல்லிக் கேக்கக் கூடாது," என்றார். "எம் மச்சினன் நாகலாபுரத்துல வீடு கட்டுதான். உங்ககிட்ட அனுப்புதேன்னு சொல்லியிருந்தேன். நேத்தே போன் போட்டு வேண்டாம்னுட்டேன். யாரு கேட்டாலும், வரையத் தெரியும், வீட்டுல கமிஷன் வாங்குவாவன்னு சொல்லுவேன். ரெண்டும் நெசந்தான?"

இரண்டும் நிஜம்தான். அந்த ஆளை நான் அதுவரை கஞ்சன் என்றும் முரடன் என்றும் மட்டும்தான் வெறுத்திருந்தேன். அன்றைக்கு, மறுக்க ஒரு வார்த்தை விடாமல் பேசியதற்காக வெறுத்தேன். என் கூலியை முதன்முதலாகக் கூலி என்று ஒத்துக்கொண்டது அவர் வாய் என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

மிஞ்சிய பணத்தைப் பாங்கில் அடகுக் கடனுக்கே கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சோலைராஜ் வாசலிலேயே நின்றார். "வாங்கிக்கிட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப பெருசா ஒண்ணும் போகலை," என்றார். பதில் சொன்னால் அன்றோடு எங்கள் குடும்பம் முடிந்துவிடும் என்று தோன்றியதால் பேசாமல் உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் யாரும் படியேறி வரவில்லை. போன் செய்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் கமிஷனைப் பற்றி இழுத்து இழுத்துக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். எட்டாவது வாரம் மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிற யோகராஜ் என்பவரும் அவர் மனைவி வனிதாவும் வந்தார்கள். ஆயிரத்து நூறு சதுர அடியில் சின்ன வீடு. கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். நான் முன்பு செய்த வீடுகளின் படங்களை வனிதா ஒன்றுவிடாமல் பார்த்தார். சோலைராஜ் பக்கத்து மேசையில் இருந்தார். இப்போது அவர் கடைக்குப் போவதில்லை, நானே போகிறேன்.

"அடிக்கு எவ்வளவு மேடம்?" என்றார் யோகராஜ்.

"தொண்ணூத்தஞ்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அறுபதுன்னாவளே. தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டுக்குக் கூட அறுபதுதான் வாங்குனதாச் சொன்னாவ?"

அடுத்த மாத வாடகை கையில் இல்லை. அறுபதுதான், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். மரம் விலை ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் செய்துவிட்டார், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சோலைராஜ் அதை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அறுபது வாங்குனோம். மிச்சத்தைக் கடையில கமிஷனா எடுத்தோம்," என்றேன். "இப்ப எடுக்கலை. அதனால தொண்ணூத்தஞ்சு."

வனிதா படங்களை அடுக்கி மேசையில் வைத்தார். யோகராஜ் எழுந்தார். "இப்ப எடுக்கலைங்கதை நாங்க எப்படி மேடம் நம்ப?"

எழுதித் தருகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதை எழுதித் தருவது? எழுதியதையும் பார்த்தாயிற்று. "நம்ப வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுதோம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். எங்கள் தொழிலில் அதற்கு வரமாட்டோம் என்று அர்த்தம். அவர்கள் பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

சோலைராஜ் என் பக்கம் திரும்பினார். "நீ எடுக்கலையே செல்வி. எடுத்தோம்னு ஏன் சொன்ன?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை.

"அந்தச் சோத்தை நானும்தான தின்னேன்," என்றேன்.